வெளியூர் போகாத ஒன்பது குடும்பங்கள்

அந்த அரசுப் பள்ளியில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. அலுவலக எழுத்தரம்மாவுக்குப் 'படிச்சுக்காட்டி' என்று பெயர். நேருக்கு நேராக யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவருக்கு அது தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். யார் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தாலும், பிள்ளையைச் சேர்க்கிற படிவமாகட்டும், புத்தகம் வாங்கிக்கொண்டதற்கான பட்டியலாகட்டும், முதலில் அதை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டுவார். முடித்ததும் "புரிஞ்சுதா?" என்பார். எதிரில் நிற்பவர் சும்மா தலையாட்டினால் விடமாட்டார். "என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார்.

ஒருமுறை வங்கி அதிகாரி ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். அவருக்கும் இதே உபசாரம்தான். "நான் படிச்சவன்மா" என்று அவர் எரிந்து விழுந்தார். "உங்களைக் குறை சொல்லல சார். பேப்பருக்கு வாய் கிடையாது, அதுக்காக யாராவது பேசணும்ல?" என்று சொல்லிவிட்டு அம்மா முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அலுவலக அறை என்பது இரண்டு பீரோ, ஒரு மேசை, ஒரு வாளி. மேசையின் ஒரு கால் குட்டை, அதற்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். வாளி கூரைக்காக. மழை வந்தால் பீரோவுக்கு நேர் மேலே ஒழுகும். நாற்பது வருடத்துச் சேர்க்கைப் பதிவேடுகள் அந்த பீரோவில்தான் இருந்தன என்பதால், மேகம் கறுத்தாலே அம்மா பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிடுவார். வகுப்பறைகளின் கதி இதைவிட மோசம். பத்தாம் வகுப்பில் இரண்டு பெஞ்சுகள் மழைக்காலம் முழுக்கச் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும்.

இந்தப் படித்துக் காட்டும் பழக்கம் பிறவியிலேயே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், வேறொரு பள்ளியில், ஒரு தகப்பன் வந்தார். அவரிடம் கைநாட்டு வாங்கும்படி அப்போதைய தலைமையாசிரியர் சொன்னார், அம்மாவும் வாங்கினார். மை டப்பாவைத் திறந்து, கட்டை விரலைப் பிடித்து, காகிதத்தில் அழுத்தியது அம்மாவின் கைதான். என்ன காகிதம் என்று தகப்பன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு, அதாவது பள்ளியைவிட்டே விலகிக்கொள்கிறோம் என்று எழுதிய விண்ணப்பம் அது. பொதுத்தேர்வின் முதல் நாள் காலையில் அந்த மனிதர் மகளுக்குத் தலைவாரி, சீருடையைத் தேய்த்துப் போட்டு, புதுப் பேனாவோடு கூட்டிவந்தார். பட்டியலில் பெயர் இல்லை. மணி அடித்து, கதவு சாத்தி, வினாத்தாள் கொடுத்த பிறகும் அந்தப் பெண் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலையே என்று அம்மா பல வருடம் நினைத்ததுண்டு. அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அவர் வாயைத் திறக்காமல் நீட்டியதில்லை. வெட்கம்தான் காரணம்; அதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

இப்போது ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. இந்த நேரம் பார்த்துத்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

கணக்கு ஆசிரியர் ஒன்பது கடிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இளைஞர், துடிப்பானவர், பத்தாம் வகுப்பின் பொறுப்பாசிரியரும் அவரே.

"ஒன்பது பேருக்கு டி.சி. எழுதிடுங்கம்மா. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள தேர்வுப் பட்டியல் போயாகணும். இவங்க பேரை எடுத்துட்டா மிச்சம் முப்பத்திநாலு. ஹெச்.எம். சார்கிட்ட பேசியாச்சு."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒன்பது கடிதமும் ஒரே ஆளின் எழுத்து, ஒரே பச்சை மை. எல்லாவற்றிலும் ஒரே காரணம்: 'குடும்பத்துடன் வெளியூர் செல்வதால்.' கீழே மட்டும் பெற்றோரின் கையெழுத்து, சிலவற்றில் கைநாட்டு. ஒன்பது முகவரியும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகள். மூட்டை தூக்குகிறவர்களும் தெரு கூட்டுகிறவர்களும் கூடைக்காரிகளும் குடியிருக்கிற இடம்.

"ஒரே நாள்ல ஒரு தெருவே காலி பண்ணிட்டுப் போகுதா சார்?" என்று கேட்டார் அம்மா.

ஆசிரியரின் முகம் சுண்டிப் போனது. "அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"இந்தக் கையெழுத்தெல்லாம் எப்ப வாங்கினீங்க?"

"போன மாசம் பெற்றோர் கூட்டத்துல."

"என்னன்னு சொல்லி வாங்கினீங்க?"

"வந்ததுக்கு அடையாளம்னுதான்," என்றார் அவர், கடிதங்களை அடுக்கிக்கொண்டே. வெற்றுத்தாளில் கையெழுத்தை வாங்கிவிட்டு, மேலே பிறகு எழுதியிருக்கிறார் என்பது விளங்கியது. அம்மா பீரோவைத் திறந்து அரையாண்டு மதிப்பெண் பட்டியலை எடுத்தார். பத்தாம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர், தோற்றவர்கள் பன்னிரண்டு. ஒன்பது பேருக்குக் கடிதம் வந்துவிட்டது. மிச்ச மூன்று பேரும் வேறு தெருக்காரர்கள், அவர்களில் ஒருவன் கட்டட ஒப்பந்தக்காரரின் மகன். எல்லாரையும்விட மதிப்பெண் குறைவு அவனுக்குத்தான். அவன் குடும்பம் மட்டும் எங்கும் போகவில்லை போலிருக்கிறது.

கடிதங்களை எடுத்துக்கொண்டு அம்மா நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அவருக்குப் பட்டப்பெயர் 'நூறு சார்'. வாயைத் திறந்தால் நூறு சதவீதம். கெட்ட மனிதர் அல்ல. மழைநாளில் தாமே வாளியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஓடுவார். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டும் பள்ளிக்குத்தான் இந்த வருடம் புதுக் கட்டடம் என்று கல்வி அதிகாரி அறிவித்துவிட்டார். அந்த ஆசை இவரைத் தூங்கவிடாமல் ஆட்டிவைத்தது.

"உட்காருங்கம்மா. நீங்க என்ன கேக்கப்போறீங்கன்னு தெரியும்," என்றார் அவர். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒன்பது பேருக்காக நானூறு பிள்ளைங்க ஒழுகற கூரைக்குக் கீழ உட்காரணுமா?"

"அந்த ஒன்பதும் அதே கூரைக்குக் கீழதான் சார் பத்து வருஷமா உட்கார்ந்திருக்கு."

"அவங்களால பாஸ் பண்ண முடியாது."

"இருக்கலாம். தோக்கறதுக்காவது உள்ள விடணும்ல சார்? ஒப்பந்தக்காரர் பையனும் பாஸ் பண்ணமாட்டான். அவனுக்கு மட்டும் ஏன் கடிதம் இல்ல?"

தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கையெழுத்து இருக்கில்ல? அது போதும். நீங்க டி.சி. எழுதுங்க" என்றார்.

"எழுதலாம் சார். டி.சி. கொடுக்கும்போது பெத்தவங்க நேர்ல வாங்கிக் கையெழுத்துப் போடணும். அது விதி. நான் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கறதில்லைன்னு உங்களுக்கே தெரியும். முதல்ல கடிதத்தைப் படிச்சுக் காட்டிட்டு வந்துடறேன்."

"அம்மா, ப்ரமோஷன் ஃபைல் அதிகாரி மேசையில இருக்கு. நினைவு வச்சுக்குங்க" என்றார் அவர். அது மிரட்டலா, அக்கறையா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அன்று மாலை வீட்டில் அம்மா விஷயத்தைச் சொன்னார். கணவருக்கு சைக்கிள் பழுது பார்க்கும் கடை. கையில் ஒட்டிய கிரீஸைத் துணியால் துடைத்துக்கொண்டே முழுதும் கேட்டார்.

"ரெண்டே ரெண்டு வருஷம்," என்றார். "வாயைப் பொத்திக்கிட்டு இருந்தா சூப்பிரண்டா ரிட்டையர் ஆகலாம். உன்னால முடியாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைக்கறேன்."

"சொல்லியாச்சுல்ல? செருப்பை மாட்டுங்க. அந்தத் தெருவுல நாய் இருக்கு."

"ஊருக்கெல்லாம் படிச்சுக் காட்டுவா. கல்யாணப் பதிவேட்டுல என்கிட்ட மட்டும் படிச்சுக் காட்டாமலே கையெழுத்து வாங்கிட்டா," என்று முணுமுணுத்தபடியே அவர் செருப்பை மாட்டினார்.

முதல் வீடு ஒரு கூடைக்காரியுடையது. தலையில் காய்கறிக் கூடை சுமந்து தெருத் தெருவாக விற்பவர். விற்காத முட்டைக்கோஸை ஈரத்துணியால் மூடிக்கொண்டிருந்தார். மகள் வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுத்தரம்மாவைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தாள்.

"நீ உட்காரு. கணக்கை முடி" என்றார் அம்மா. பிறகு கடிதத்தைப் பிரித்துப் படித்தார். "'ஐயா, நாங்கள் குடும்பத்துடன் வெளியூர் செல்வதால், என் மகனின் மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'"

கூடைக்காரி வாயைப் பிளந்தார். "மகனா? எனக்கு ஏதும்மா மகன்? இருக்கறது இவ ஒருத்திதானே!"

எழுதியவர் அவசரத்தில் ஒரே வாசகத்தை ஒன்பது முறை எழுதித் தள்ளியிருக்கிறார். பெண்பிள்ளைக்கும் அதே மகன். கணவருக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் படிப்பையே நிறுத்துகிற காகிதத்தில் அவள் பெண் என்பதைக்கூட யாரும் பார்க்கவில்லை என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"வெளியூர் போறீங்களா?"

"மார்க்கெட்டை விட்டா எனக்கு ஏதும்மா ஊரு? கையெழுத்துப் போடத் தெரியும், படிக்க வராது. வந்ததுக்கு அடையாளம்னு சொன்னாங்க, போட்டேன்." சொல்லும்போதே விஷயம் முழுதாகப் புரிந்துவிட்டது. "அப்படின்னா இவ பரீட்சை எழுத முடியாதா?"

"நீங்க கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிக் கொடுத்தா இவ பரீட்சை எழுதலாம். கடிதத்தை நான் எழுதறேன். படிச்சுக் காட்டறேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க. இனிமே யார் எந்தப் பேப்பரை நீட்டினாலும் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. நானே நீட்டினாலும் சரி."

மூன்று மாலைகளில் எட்டு வீடு முடிந்தது. யாருமே எங்கும் போகிறவர்களாக இல்லை. அவர்களில் ஒருவர், தெரு கூட்டும் வேலையில் இருந்தவர், கடிதத்தைக் கேட்டுவிட்டு, "பத்தாவது முடிச்சிட்டா அவனாவது துடைப்பத்தைத் தொடாம இருப்பான்னு நினைச்சேன்மா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அம்மாவும் அவரோடு சேர்ந்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவைத் தட்டினார்.

ஒன்பதாவது வீட்டில்தான் முரண்டு. மூட்டை தூக்கும் தகப்பன், ஆஜானுபாகுவான ஆள், கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எடுத்துடுங்க பேரை. இவன் பாஸாகமாட்டான்னு வாத்தியாரே சொல்லிட்டாரு. என்கூட மூட்டைக்கு வரட்டும்."

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. படித்துக் காட்டியாயிற்று, இவருக்குப் புரிந்தும் விட்டது. விதிப்படி இனி பேச அவருக்கு வேலையில்லை. ஆனால் பையன் கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"சரி, எடுத்துடறேன். ஆனா இதுல குடும்பத்தோட வெளியூர் போறதா இருக்கே. போறீங்களா?"

"இல்ல."

"அப்ப இது பொய். பொய்யை நான் பதிவேட்டுல ஏத்தமாட்டேன். வேற கடிதம் எழுதுவோம், நீங்க சொல்ற காரணத்தையே எழுதறேன்." பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே படித்தார். "'என் மகன் தேறமாட்டான் என்று அவன் ஆசிரியர் சொல்லிவிட்டதால், அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறேன்.' சரியா? தலைமையாசிரியர் இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே டி.சி. ரெடி."

அந்த மனிதர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். "அவரு இதுல கையெழுத்துப் போடுவாரா?"

"போடுவாரான்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். "வாத்தியார் சொன்னதையே எழுதினா பெரிய வாத்தியாரே கையெழுத்துப் போடமாட்டாருன்னா, அது என்ன பேச்சு?" கதவுப் பக்கம் திரும்பி, "டேய், புத்தகத்தை எடு" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மறுப்புக் கடிதங்களும் தலைமையாசிரியர் மேசையில் இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும். பட்டியலை முப்பத்து நாலு பேரோடவே தயார் பண்ணுங்க" என்றார்.

"பண்றேன் சார். ஒன்பது பேரை எடுக்கச் சொல்லி எழுத்துல ஒரு உத்தரவு கொடுத்துடுங்க."

"வாயால சொன்னா கேக்கமாட்டீங்களா?"

"வாயால சொன்னதை பீரோவுல வைக்க முடியாது சார்."

அன்று முழுக்க அவர் எழுதவில்லை. வெள்ளிக்கிழமையும் மதியம் வரை எழுதவில்லை. அதிகாரியிடமிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்தது. இரண்டு முறையும் அவர் "ஆமா சார், ஆமா சார்" என்பது மட்டும் அலுவலக அறை வரை கேட்டது. அம்மா நாற்பத்து மூன்று பெயரோடு பட்டியலைத் தயாராக வைத்துக்கொண்டு, மேசையைவிட்டு நகராமல் பிடித்த பிடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட இல்லை. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தலைமையாசிரியர் வந்தார், நின்றபடியே கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார்.

"கட்டடம் போச்சு. பழி உங்க தலையில" என்றார்.

"என் தலை தாங்கும் சார்" என்றார் அம்மா.

அதன் பிறகு நான்கு மாதம் மாலை வேளைகளில் அலுவலக அறை வகுப்பறையானது. அம்மாவுக்குப் பாடம் எடுக்கத் தெரியாது. சாவி அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். ஒன்பது பேரும் இரண்டு பீரோவுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். கணக்கு ஆசிரியர் முதல் வாரம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு நாள் வந்தார், நின்றுவிட்டார், கடைசி மாதம் மறுபடி வந்தார். அந்தப் பச்சை மைக் கடிதங்களைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் கிளறவில்லை.

முடிவு வந்தது. ஒன்பது பேரில் ஐந்து பேர் தேறினார்கள், நாலு பேர் தேறவில்லை. ஒப்பந்தக்காரர் மகனும் தேறவில்லை. ஆகக்கூடி, அந்த ஒன்பது பேரையும் வெளியே தள்ளியிருந்தாலும் நூறு வந்திருக்காது. ஆனால் ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பேசவில்லை. கட்டடம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டது, அதற்குக் காரணம் படிச்சுக்காட்டி, அவ்வளவுதான் பேச்சு. அம்மா உள்ளே நுழைந்தால் தேநீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அது அவருக்கு வலித்தது. மழை வந்தபோது வாளியை வைத்துக்கொண்டே, 'ஒழுகாத கட்டடம் எனக்கும்தான் வேணும்' என்று தனியாகச் சொல்லிக்கொண்டார்.

மதிப்பெண் சான்றிதழ் கொடுக்கிற நாளன்று மெமோ வந்தது. தலைமையாசிரியரே உறையை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்கு வந்தார். மகளின் சான்றிதழை வாங்க வந்த கூடைக்காரி, கூடையை வாசலில் வைத்துவிட்டு மேசைக்கு எதிரில் நின்றிருந்தார்.

"அதிகாரி அனுப்பியிருக்காரு. பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் தலைமையாசிரியர், கண்ணைப் பார்க்காமல்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

"நீங்களே படிச்சுக்கலாமே."

"இந்தப் பள்ளிக்கூடத்துல நான் யார்கிட்டயும் படிச்சுக் காட்டாம கையெழுத்து வாங்கினதில்ல. எனக்கும் அந்த மரியாதை வேணும் சார்."

அவர் கூடைக்காரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "'தேர்ச்சி பெற இயலாத மாணவர்களைத் தேர்வு எழுதச் செய்து, பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைக் குறைத்த காரணத்தால், தங்கள் பதவி உயர்வு இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி...'"

குரல் நின்றது. அவர் அந்த வரியை மறுபடி மனசுக்குள் படிப்பது தெரிந்தது.

"பரீட்சை எழுத விட்டதுக்கா தண்டனை?" என்று கேட்டார் கூடைக்காரி. சண்டைக்குக் கேட்கவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று தெரிந்துகொள்ளக் கேட்டார்.

தலைமையாசிரியர் ஸ்டூலை இழுத்துப்போட்டு அந்த ஆடும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்ததும், அம்மா கேட்காமலே, எழுந்து நின்று சத்தமாகப் படித்தார்.

"'பட்டியலில் உள்ள கையெழுத்து என்னுடையது. நாற்பத்து மூன்று மாணவர்களையும் தேர்வு எழுத அனுப்பியவன் நான். அவர்களில் ஒன்பது பேரைப் பொய்க் காரணம் காட்டி நீக்க முயன்றவனும் நான். அதைத் தடுத்தவர் எழுத்தர். மெமோ எனக்கு வர வேண்டியது. அவருக்கு அனுப்பியதைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொள்கிறேன்.'"

இந்த முறை குரல் எங்கும் நிற்கவில்லை. அம்மா தாளை வாங்கி, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு, உறையில் வைத்து ஒட்டினார். அதிகாரி திரும்பப் பெறுவாரா என்று அவருக்குத் தெரியாது. பெறமாட்டார் என்றுதான் நினைத்தார். கண்ணை மட்டும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

பிறகு கூடைக்காரியின் பக்கம் திரும்பி, மகளின் மதிப்பெண் சான்றிதழையும் பதிவேட்டையும் நகர்த்தி வைத்தார். மனம் எங்கோ இருந்ததால், முதன்முறையாகப் பழக்கம் தவறி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார்.

கூடைக்காரி பேனாவைத் தொடவில்லை. "படிச்சுக் காட்டுங்கம்மா. நீங்களே நீட்டினாலும் கேக்கச் சொன்னீங்களே."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மாணவியின் பெயரைப் படித்தார். ஒவ்வொரு பாடமாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். "கணக்கு, முப்பத்தொண்ணு. முப்பத்தஞ்சு எடுத்திருக்கணும். நாலு மார்க்ல போயிடுச்சு. மறுபடி எழுதலாம்னு கீழே போட்டிருக்கு. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுதுன்னு சொல்லுங்க."

"எம்பொண்ணு பரீட்சை எழுதியிருக்கா. நாலு மார்க் குறையுது. மறுபடி எழுதுவா." அவர் பேனாவை எடுத்தார். "இதுல மகன்னு போடலையே?"

"இல்ல. மகள்னுதான் போட்டிருக்கு."

"அப்ப இது எங்க பேப்பர்தான்" என்று சொல்லிவிட்டு, கூடைக்காரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.